பெஞ்சுக்கு நீலம்

மழை விட்டும் தண்ணீர் வடியவில்லை. ஜுரேமா வாசற்படியில் குந்தி, வீட்டுக்குள் புகுந்த சாக்கடையை வாளியில் மொண்டு சந்தில் வீசினாள். வீசியது கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. உள்ளே, எலிக்காய்ச்சலில் பிழைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மகள் கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்தாள்.

"வாளியைப் போட்டுட்டு வாடி, நகராட்சி வந்தாச்சு," என்றாள் பக்கத்து வீட்டு தால்வா. "ஷூவப் பாரு, மாப்பிள்ளை கெட்டான்."

போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் நகராட்சிப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று வட்டாரக் கூட்டத்தில் மக்களே கைதூக்கி முடிவு செய்வார்கள். எத்தனை தலை வருகிறதோ அத்தனை பலம். மார்ச் மாதக் கூட்டத்துக்கு ஜுரேமா படுத்துக்கிடந்தவர்களைக்கூட எழுப்பிப் பஸ்ஸில் ஏற்றினாள். சந்துக்கு மூடிய சாக்கடை என்ற கோரிக்கை முதலிடம் பிடித்தது.

திட்ட அதிகாரி எவாண்ட்ரோ, தண்ணீரின் மேல் போட்டிருந்த பலகையில் நின்றார். மற்றவர்கள் கணுக்கால் நனைய நின்றார்கள்.

"உங்க தீர்மானத்தை மதிக்கிறோம். ஆனா எங்க இன்ஜினியருங்க பாத்துட்டாங்க. இங்க சரிவு பத்தாது. சாக்கடை முடியாது."

"மேட்டுல புது அடுக்குமாடிக்காரங்க விட்ட குழாய் எங்க வாசல்ல வந்து கொட்டுதே சார்," என்றாள் ஜுரேமா. "அதுக்கு மட்டும் சரிவு இருந்துச்சா?"

"அது தனியார் விஷயம்மா." அவர் கோபப்படவில்லை. "உங்களுக்கு ஆயிரம் ஆசை இருக்கும். அதை நடக்கிற காரியமா மாத்திக் கொடுக்கத்தான் நாங்க இருக்கோம். அதே பணத்துல பூங்கா போடுறோம். பெஞ்சுக்கு நீலமா, பச்சையா? நீங்களே சொல்லுங்க. உங்க உரிமை."

"பழுப்பு அடிங்க சார். கறை தெரியாது," என்றாள் தால்வா. யாரோ சிரித்தார்கள்.

"நாங்க கை தூக்கினது சாக்கடைக்கு சார்," என்றாள் ஜுரேமா.

"வேண்டாம்னா விட்டுடலாம். பணம் வேற பேட்டைக்குப் போயிடும்."

நீலத்துக்கு ஒரு கை எழுந்தது, இன்னொன்று. கடைசியில் ஜுரேமாவின் கையும். வாளி பிடித்த கை.

வந்தவருக்கு மாத்தே இலைக் கஷாயம் கொடுக்காமல் அனுப்பும் பழக்கமில்லை. ஜுரேமா கஷாயம் ஊற்றிய சுரைக்குடுவையை நீட்டினாள். அதில் செருகிய ஒரே குழலில் எல்லாரும் மாறி மாறி உறிஞ்சுவார்கள். அதைத் துடைத்தால், கொடுத்தவள் முகத்தில் துப்பியதற்குச் சமம். எவாண்ட்ரோவும் அந்த ஊரில் பிறந்தவர்தான். கைக்குட்டையை எடுத்துக் குழலின் வாயை நன்றாகத் துடைத்தார். ஒரு மடக்கு உறிஞ்சினார்.

"ஒருமனதா நீலம்," என்று சொல்லிக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜுரேமா அதை அங்கேயே கவிழ்த்தாள். பச்சைத் தழைக்கூழ் தண்ணீரில் விழுந்து, மெல்ல நகர்ந்து, அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே போனது.