கடைசியில் ஓடும் எழுத்து

பிரான்சில் இருந்த ஒரு சினிமா இசையமைப்பாளருக்குப் படம் கிடைக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்துக் கரம்பொனில் மெழுகுதிரி கொளுத்தியவர்கள் நாங்கள். அவருடைய பெயர் பெலியார். எங்கள் காதுக்கு அது மரியாதை சேர்த்துச் சொன்ன பெயர்போலவே கேட்டதால், முழுப்பெயர் என்னவென்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

என் கணவர் பத்திநாதரின் தம்பி இன்னாசித்தம்பி எண்பத்துநாலில் பாரிசுக்குப் போனவர். கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டு, கசற்றில் பேசி அனுப்புவார். கிழமைக்கு இரண்டு நாள் பெலியாரின் வீட்டைத் துடைத்து, உடுப்புத் தோய்த்து, மீன்குழம்பும் வைத்துக் கொடுப்பதுதான் அவருக்கு அங்கே கிடைத்த முதல் வேலை. அதனால் கசற்றின் ஒரு பக்கம் எங்களுக்குச் சுகவிசாரணை, மற்றப் பக்கம் பெலியாரின் சரித்திரம்.

"அந்தாள் பேக்கரியிலை பாண் போடுற ஒருத்தரின்ரை மகன், அண்ணை. பதினாறு வயசிலை அக்கோடியன் எண்ட துருத்திப் பெட்டியைத் தோளிலை கொழுவிக்கொண்டு, ஆட்டம் ஆடுற மண்டபங்களிலை வாசிச்சுத் திரிஞ்சவராம். பிறகு பாட்டுக்காரருக்கு வேலை. ஒருத்தன் வந்து ரெண்டு வரி முணுமுணுத்துப்போட்டுப் போயிடுவான். வயலின் என்ன செய்யிறது, குழல் எங்கை வாறது எண்டு இருந்து எழுதுறது பெலியார். இசைத்தட்டிலை பேர் முணுமுணுத்தவன்ரை. பத்து வருசம் இப்பிடி."

அதற்குப் பிறகுதான் ஒரு நெறியாளர் அவரைக் கூப்பிட்டு, ஒரு கள்ளன் மதிலேறிக் குதிக்கிற சிரிப்புப் படத்தைக் கொடுத்திருக்கிறார். பெலியார் அந்தக் கள்ளனுக்கு ஒரேயொரு குழலை மட்டும் ஊதவிட்டாராம். அது பிடித்துப்போக, அன்றிலிருந்து நாற்பத்தொரு படம். அழுகிற இடத்துக்குச் சிரிக்கிற மெட்டுப் போடுவதில் அவர் கெட்டிக்காரர் என்று இன்னாசித்தம்பி சொன்னார். இப்போது மூன்று வருடமாக ஒன்றுமில்லை. யாரோ ஓர் இளந்தாரி ஒரு மின்பெட்டியை வைத்துக்கொண்டு நாற்பது பேர் வாசிக்க வேண்டியதைத் தனியே வாசித்துவிடுகிறானாம்.

இந்தக் கசற்றுகளை எங்கள் முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்து கேட்பார்கள். துறையில் மீன் விலை கேட்க வருகிறவர்கள்கூட, "பத்தி, பெலியாருக்குப் படம் ஏதும் சரிவந்ததோ?" என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டு மாக்கிறேற் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள். தொலைந்த சாமானைத் தேடித் தருகிறவர் தொலைந்த வேலையைத் தரமாட்டாரோ என்பது அவளுடைய கணக்கு.

என் கணவர் கடற்றொழில்தான் செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார். எண்பத்தைந்தாம் ஆண்டு மாதா திருநாளுக்கென்று தானே ஒரு மெட்டுக் கட்டினார். அதற்கு மூன்று சரணம் எழுதிக் கொடுத்தவள் நான். பாடகர் குழுவை நடத்திய உபதேசியார் இராயப்பு, குழுவோடு இருந்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆர்மோனியத்தின் மூடியைத் தானே மூடினார்.

"நல்லாய்த்தான் கிடக்குது, பத்தி. ஆனால் படப்பாட்டு மாதிரிக் கிடக்குது. மாதாவுக்கு முன்னாலை இதைப் பாட ஏலாது."

இவர் அந்த மெட்டைக் கோயிலில் திரும்ப வாசிக்கவில்லை. பின்னேரங்களில் வீட்டு ஆர்மோனியத்தில் அதையே வாசிப்பார். தம்பிக்கு நாங்கள் பதில் கசற் பதிந்த நாளும் அப்படித்தான். என் அடைக்கோழி பதினொரு குஞ்சு பொரித்த கதையை நான் சொல்லிக்கொண்டிருக்க, பின்னால் அந்த மெட்டும் சேர்ந்து பதிந்துவிட்டது.

அடுத்த கசற்றில் இன்னாசித்தம்பி சுகம்கூட விசாரிக்கவில்லை.

"அண்ணை, அண்ணி கோழியைப் பற்றிச் சொல்லேக்கை பின்னாலை வாசிச்சது என்ன? நான் கேட்டுக்கொண்டு நிலம் துடைக்க, பெலியார் அறையிலையிருந்து எழும்பி வந்திட்டார். கோழிக் கதையை நாலு தரம் திருப்பிப் போட்டனான். அவருக்கு ஒரு படம் கிடைச்சிருக்கு. கடற்கரையிலை தனிய இருக்கிற ஒரு மனிசியின்ரை கதை. உந்த மெட்டு வேணுமாம். ஆருடைய மெட்டெண்டு எழுதிக் கையெழுத்து வைச்சு அனுப்பட்டாம்."

மாக்கிறேற் அன்றைக்கே தன் நேர்த்தியைக் கொடுத்து முடித்தாள். இவர் மறுநாள் வலையை வீட்டில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போனார். கையெழுத்து வைத்த கடிதத்தில் ஒரேயொரு கேள்விதான் கேட்டிருந்தார்: படத்தில் தன்னுடைய பெயரைப் போடுவார்களா? போடுவேன் என்று பெலியார் சொன்னதாகப் பதில் வந்தது.

இவர் அதை உபதேசியாரிடம் போய்ச் சொன்னார்.

"பார்த்தீரோ," என்றார் உபதேசியார். "அது படப்பாட்டெண்டு நான் அப்பவே சொன்னனான்."

எண்பத்தேழில் படம் வீடியோ நாடாவாக வந்து சேர்ந்தது. கூடவே ஒரு கடிதம், இந்த முறை கையால் எழுதியது. "கலர்ப் படம். கடலின் நீலம் கண்ணைப் பறிக்கும். முடிவில் ஓடும் எழுத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. என் கண்ணால் கண்டேன்."

எங்கள் பக்கத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. வேலணையிலிருந்து குலசிங்கம் என்பவர் ரீவீ, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து ஊரூராகப் படம் போடுவார். வழக்கமாக அது விடியவிடிய நடக்கும். உபதேசியார் இராப்படத்துக்குச் சம்மதிக்கவில்லை. ஞாயிறு பகல், பங்கு மண்டபத்தில், யன்னல்களுக்குச் சாக்குக் கட்டிப் பார்ப்பதென்று முடிவானது.

படம் தொடங்கியது. கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. வானமும் சாம்பல்.

"பத்தி, எங்கையப்பா உன்ரை தம்பியின்ரை நீலம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

குலசிங்கம் பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். போன கிழமை இதே பெட்டியில் தமிழ்ப் படச் சேலைகளெல்லாம் பச்சையும் சிவப்புமாகத் தெரிந்தனவாம். பிரான்சு நாடா வேறு வகை, எங்கள் டெக்கில் போட்டால் நிறம் வராது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? இன்னாசித்தம்பி புளுகிவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

படத்தில் வந்த மனிசி ஒரு கதிரையில் இருந்து உருளைக்கிழங்கு உரித்தாள்.

"இவ உரிச்சு முடியிறதுக்குள்ளை எங்கடை படமெண்டால் மூண்டு பாட்டு முடிஞ்சிருக்கும்," என்றாள் மாக்கிறேற்.

அப்போதுதான் அது தொடங்கியது. முதலில் அக்கோடியன் தனியே. இரண்டாவது வரியில் வயலின்கள் கீழே வந்து தாங்கிக்கொண்டன. மண்டபம் அடங்கிவிட்டது. இவர் என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் முழங்காலில் இருந்த விரல்கள் ஆர்மோனியக் கட்டைகளைத் தேடின. திரையில் அந்த மனிசி ஒரு பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, மேற்சட்டையின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள்.

உபதேசியார் எழுந்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து, ரீவீக்கு முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார்.

"பிள்ளையள் இருக்கினம்," என்றார்.

"எவ்வளவு நேரத்துக்கு உபதேசியார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பாட்டு முடியட்டும்."

ஆகவே நாங்கள் கட்டிய மாதா பாட்டை, உபதேசியாரின் வயிற்றைப் பார்த்தபடி கேட்டு முடித்தோம். அவருடைய வலது கால் பெருவிரல் தாளம் போட்டதை நான் கண்டேன். அவருக்கு அது தெரியாது என்றே நினைக்கிறேன்.

படம் முடிந்து எழுத்து ஓடத் தொடங்கியதும் குலசிங்கம் பழக்கதோஷத்தில் ஜெனரேற்றரை நிற்பாட்டிவிட்டார்.

"எழுத்துப் பாக்க மண்ணெண்ணெய் எரிக்க ஏலாது."

"அந்த எழுத்துக்குத்தான் ஐயா உம்மைக் கூப்பிட்டனாங்கள்," என்றார் இவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தரந்தான்.

குலசிங்கம் கயிற்றை இழுத்தார். திரை நடுங்கி வந்தது. நான்கு வரி மேலே போயிருக்கும். இயந்திரம் இருமிவிட்டு நின்றது. எண்ணெய் முடிந்துவிட்டது. நாடா டெக்குக்குள் சிக்கிக்கொண்டது. திருத்திக் கொண்டுவருகிறேன் என்று அவர் டெக்கை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். பிறகு அங்கே சண்டை தொடங்கியது. டெக்கும் வரவில்லை, நாடாவும் வரவில்லை.

"நீலத்தையும் காணேல்லை, பேரையும் காணேல்லை," என்றார் உபதேசியார். "தம்பிக்காரன் தமையன்ரை சந்தோசத்துக்கு நாலு வார்த்தை கூடச் சொல்லியிருப்பான். அதிலை என்ன பிழை?"

இவர் அவரோடு சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்துதான் கேட்டார்.

"இஞ்சரும், நீர் என்ன நினைக்கிறீர்? பேர் இருக்குமோ?"

"இருக்கும்."

"நிறமும் இருக்குமெண்டுதானே அவன் சொன்னவன்."

தம்பியிடம் திரும்ப ஒரு நாளும் அவர் கேட்கவில்லை. கேட்டால் இன்னாசித்தம்பி ஓம், இருக்கு என்றுதான் சொல்வார். அந்த ஓமை என்ன செய்வது?

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் இராணுவம் தீவுக்குள் வர, ஊரோடு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் போனோம். வீட்டை ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வேறு இரண்டு பேரோடு சைக்கிளில் திரும்பிப் போனவர் வரவில்லை. மற்ற இருவரும் வரவில்லை. நாலு வருடம் பார்த்திருந்தேன். பிறகு இன்னாசித்தம்பி என்னைப் பாரிசுக்கு எடுத்தார்.

வந்த முதல் ஞாயிறு மத்தியானம், சாப்பிட்ட கோப்பையைக் கழுவவும் விடாமல் அவர் நாடாவைப் போட்டார். கடல் நீலமாக இருந்தது.

"நீலமோ இல்லையோ, சொல்லுங்கோ அண்ணி."

"நீலந்தான்."

அந்த மனிசி உருளைக்கிழங்கு உரித்தாள். அக்கோடியன் தொடங்கியது. தொட்டிக்குப் பக்கத்தில் வந்து பொத்தானைக் கழற்றினாள். மேற்சட்டையை எடுத்து ஆணியில் கொழுவினாள். உள்ளே போட்டிருந்த கம்பளிச் சட்டையின் கையை மடித்துவிட்டு, ஒரு கிழட்டு நாயைத் தூக்கித் தொட்டிக்குள் விட்டுச் சவர்க்காரம் போட்டாள். பாட்டு முழுவதும் நாய் குளித்தது.

நான் சிரித்த சிரிப்பில் இன்னாசித்தம்பி பயந்து படத்தை நிற்பாட்டிவிட்டார். சால்வைக் கதையைச் சொன்னதும் அவரும் நிலத்தில் இருந்து சிரித்தார்.

கடைசியில் எழுத்து ஓடியது. ஓரிடத்தில் நிறுத்தி, விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழில் சொன்னார். பாட்டின் இசை: பத்திநாதர், கரம்பொன். அதற்குக் கீழே, வாத்திய அமைப்பு: பெலியார்.

"கொம்பனி சண்டை பிடிச்சது, அண்ணி. நாப்பத்தொரு படம் செய்தவரின்ரை பேர் ஒரு மீன்பிடிகாரன்ரை பேருக்குக் கீழை வாறதோ எண்டு. பத்து வருசம் எனக்குச் செய்ததை நான் இன்னொருத்தருக்குச் செய்யமாட்டன் எண்டு பெலியார் சொல்லிப்போட்டார்."

பெலியார் தொண்ணூற்றிரண்டில் இறந்துபோனாராம். பத்திரிகையில் நாலு வரி வந்ததாம். நாற்பத்தொரு படம் என்று போட்டிருந்தார்களாம். நாற்பத்திரண்டாவதான இந்தப் படம் கணக்கில் இல்லை.

அந்த எழுத்தை அப்படியே நிற்கவிடச் சொன்னேன். தேத்தண்ணி குடித்து முடியும்வரை அது திரையில் நின்றது.

உபதேசியார் அப்போது யாழ்ப்பாணத்தில், இடம்பெயர்ந்தவர்களோடு இருந்தார். நீலம், பெயர், நாய் மூன்றையும் ஒழுங்காக எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது.

"கடிதம் கிடைத்தது. நாய் என்று தெரிந்திருந்தால் சால்வையை எடுத்திருக்க மாட்டேன். வருகிற ஆவணியில் மாதா திருநாளுக்கு இங்கே அந்தப் பாட்டைப் பாட இருக்கிறோம். இரண்டாம் சரணம் ஒருவருக்கும் ஞாபகமில்லை. எழுதி அனுப்பவும். மேலே பெயர்களைப் போடவும். எது முதலில் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும், என்றாலும் போடவும்."

மூன்று சரணத்தையும் எழுதினேன். மேலே பத்திநாதர். அதற்குக் கீழே பெலியார். பேனையை மூடப் போனவள், திரும்பத் திறந்து மூன்றாவதாக எனக்கும் ஒரு வரி சேர்த்தேன். சொற்கள்: மேரிறோஸ்.