கட்டிலில் படுத்த பலாப்பழங்கள்

மலைமேல் தேவனூர் நாட்டுப் பள்ளி மாணவியர் விடுதியில் அன்றைக்குக் கட்டிலுக்கு ஒரு பலாப்பழம் படுத்திருந்தது. தலையணை வேறு வைத்திருந்தார்கள்.

பழங்கள் அத்தனையும் காளியண்ணன் தோப்புப் பழங்கள். கேட்டு வாங்கியவள் வார்டன் ஜெசிந்தா. கோடை விடுமுறை, விடுதியில் பிள்ளைகள் இல்லை. வைஃபை பெட்டிகளை எங்கே மாட்டலாம் என்று பார்க்கச் சேலத்திலிருந்து வந்த ஓம்பிரகாஷ், காலி அறையில் சிக்னலை அளந்தால் பள்ளி திறந்ததும் பல்லிளிக்கும் என்று சொல்லிவிட்டான்.

"மனுஷ உடம்புல பெரும்பகுதி தண்ணிங்க ஐயா. தண்ணி சிக்னலைக் குடிச்சிரும். பிள்ளைங்க இருக்கிற மாதிரியே வெச்சு அளக்கணும்."

"அதுக்குப் பலாப்பழமா?"

"அதுலயும் தண்ணிதானே?"

காளியண்ணன் நம்பவில்லை. மலையேறி வந்த எந்த அதிகாரி பலாப்பழம் தின்னாமல் இறங்கியிருக்கிறான்? இவன் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்கிறான், அவ்வளவுதான். ஆனாலும் கொடுத்தார். பேத்தி யமுனாவுக்காகக் கொடுத்தார்.

நர்சிங் படிக்க வேண்டுமென்று அவள் போனில் பாடம் கேட்கிறாள். விடுதிக்குள் சிக்னல் கிடையாது. சாயங்காலமானால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். போன மழையில் பாசி வழுக்கி ஏணியில் ஒற்றைக் கையால் தொங்கியிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து கிழவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் படுக்கிற கடைசி அறைக்கு அந்தச் சனியன் பிடித்த சிக்னல் வந்தே ஆக வேண்டும்.

"இது யமுனா கட்டில்ங்க பெரியவரே. அந்தப் பெரிய பழத்த வைங்க," என்றாள் ஜெசிந்தா.

"எம் பேத்தி ஒல்லிங்க வார்டனம்மா. இது உங்களாட்ட இருக்குது. உங்க ரூம்புல போடுங்க."

ஓம்பிரகாஷ் ஒரு பெட்டியை நடைபாதையிலும் இன்னொன்றை ஆபீசிலும் தற்காலிகமாகத் தொங்கவிட்டு, மடிக்கணினியை ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்தான். திரையில் விடுதி பச்சையாக இருந்தது. கடைசி அறை மட்டும் மஞ்சள்.

"மஞ்சள்னா என்னங்க?"

"பரவாயில்லைன்னு அர்த்தம்."

"எங்க ரோட்டையும் பரவாயில்லைன்னுதான் போட்டுட்டுப் போனாங்க. ஒரு மழைக்குத் தாங்கல."

அவன் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனான். ஜெசிந்தாவும் போனாள். காளியண்ணன் துண்டைச் சுருட்டித் தோளில் போட்டார். மற்ற அறைப் பழங்களை ஒவ்வொன்றாகச் சுமந்து கடைசி அறைக்குக் கொண்டுவந்தார். கட்டில் மேலே, கட்டிலுக்கு அடியில், ஜன்னலோரம், எங்கும் பழம். முள் குத்திக் கழுத்தெல்லாம் சிவந்துபோனது.

அவன் திரும்பி வந்து அளந்தபோது அந்த அறை ரத்தச் சிவப்பாக இருந்தது.

"ஒரே ரூம்ல இத்தனை பேரா?" ஓம்பிரகாஷ் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"மழை பேஞ்சா புள்ளைங்க பூராவும் இங்கதானுங்க வந்து அடையும். மத்த ரூம்பெல்லாம் ஒழுகுது."

கூரையைச் சரிசெய்யச் சொல்லி அலுத்துப்போயிருந்த ஜெசிந்தா பாய்ந்து வந்தாள். "ஆமா சார்! ஒழுகுது. அதையும் மேல சொல்லுங்க!"

ஆபீஸ் பெட்டியைக் கழற்றி யமுனாவின் கட்டிலுக்கு நேர் மேலே மாட்டினான் ஓம்பிரகாஷ். போகும்போது யமுனா கட்டில் பழத்தைக் காரில் ஏற்றிக்கொண்டான். காளியண்ணன் தலையாட்டிக்கொண்டார். அவர் அப்பவே நினைத்ததுதான்.

பள்ளி திறந்தது. ஒரு தூறல் சாயங்காலம் பேத்தியைப் பார்க்கப் போனார். கடைசி அறையில் விடுதியே குடியேறியிருந்தது. கால் வைக்க இடமில்லை. அவர் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது, மழைக்காக அல்ல, சிக்னலுக்காக. நடுவில், பெட்டிக்குக் கீழே, யமுனா காலாட்டிக்கொண்டு பாடம் கேட்டாள்.

"அப்புச்சி, அங்கயே நில்லுங்க, மிதிச்சிராதீங்க!"

நிம்மதியாக வெளியே வந்தார். தலைக்கு மேலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க பெரியவரே, ஏணியக் கொஞ்சம் புடிச்சுக்கங்க!"

தொட்டி மேல் ஜெசிந்தா, ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். "ஆபீஸ்ல ஒரு புள்ளி சிக்னல் இல்லீங்க. அந்த ரூம்புக்குள்ள நுழையவும் முடியல. வருகைப்பதிவு அனுப்பணும்!"

"பாசி இருக்குது, பாத்து எறங்குங்க வார்டனம்மா."

"நீங்க கெட்டியாப் புடிங்க!"

காளியண்ணன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏணி நெளிந்தது. பலாப்பழம் சுமப்பது எவ்வளவோ மேல் என்று தோன்றியது.