ஒன்பது சூடை மீன்

பாலாம்பிகை மூன்றாவது வாழையிலையையும் துடைத்துவிட்டாள். ஒரு இலைதான் தேவை. ஆனால் கையை நிறுத்தினால் யோசனை வரும். அதற்கு அவளிடம் தெம்பில்லை.

கணவர் செல்வரத்தினத்தை எரித்துவிட்டு வந்து இரண்டு மணித்தியாலம் ஆகிறது. ஊரில் என்றால் மறுநாளே எல்லாம் முடிந்திருக்கும். லண்டனில் டொக்டரின் கடிதம், கவுன்சில் பத்திரம், கிரெமடோரியத்தில் இடம் கிடைக்கும் நேரம் என்று எட்டு நாள் இழுத்துவிட்டது. அதனால் எரித்த அன்றைக்கே எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவும் வந்து விழுந்தது. போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, பொழுதுபட முன் இலையில் படைக்க வேண்டும். மீனோ இறைச்சியோ சாராயமோ, விருப்பமானது எதுவோ அது. செவன் கிங்ஸில் இருந்த அந்த வீட்டில் எட்டு நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் அடுப்புப் பற்றப் போகிறது.

செல்வரத்தினத்தின் தமையன் பரமேஸ்வரன் குளித்த தலை காயாமல் குசினிக்குள் வந்தார். கடிதவுறை ஒன்றின் பின்புறத்தில் எழுதியிருந்ததை வாசித்தார்.

"கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். காணும்தானே பிள்ளை?"

"ஓம் பெரியத்தான்."

"எட்டு வருசமா மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் தொடாதவன். இந்தப் பக்கம் மச்ச வாசமே வரக்கூடாது. சனத்துக்கும் சொல்லிப்போட்டன்."

அவள் இலையைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கத்தையும் துடைத்தாள்.

எண்பத்தாறில் ஊரில் இருந்த பரமேஸ்வரனை ஆமி பிடித்துக்கொண்டு போனது. சேதி டெலிபோனில் வந்த அன்றே செல்வரத்தினம் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று, அண்ணை உயிரோடு வந்தால் சாகும்வரை மச்சம் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். அண்ணை வந்தார். லண்டனுக்கும் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டுக்கு வந்து, பாலாம்பிகை வைத்த ஆட்டிறைச்சிக் கறியை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எதிரே செல்வரத்தினம் பருப்பும் சோறும் பிசைந்துகொண்டிருப்பார். தப்பியது ஒருத்தர், பத்தியம் இன்னொருத்தருக்கோ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் திறந்ததில்லை.

போன செப்டெம்பரில், அவர்களுடைய இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு, மகள் வத்சலா ஒரு கிரேக்கத் தீவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். ஊரில் சண்டை நடக்கும்போது இவைக்கு ஹொலிடே கேட்குதோ என்று சனம் கதைக்கும். ஆகவே ஜெர்மனியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம் என்று எல்லோருக்கும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள் தீவின் மறு அந்தத்துக்கு பஸ் எடுத்தார்கள். தெரு முடிந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு வீடு, டவேர்னா என்கிற சாப்பாட்டுக்கடை ஒன்று. கூழாங்கல்லின்மேல் நாலு மேசை போட்டிருந்தார்கள். அலை வந்து கதிரைக் காலை நனைத்துவிட்டுப் போனது. சாப்பாட்டுப் பட்டியல் என்று ஒன்றும் இல்லை. ஏப்ரன் கட்டிய தொந்திக்காரன் ஒருத்தன் செல்வரத்தினத்தின் முழங்கையைப் பிடித்து நேரே அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போனான். அங்கே அப்படித்தானாம், சட்டிமூடியைத் திறந்து பார்த்து விரலைக் காட்ட வேண்டியதுதான். ஒன்றில் அவரைக்கொட்டை, ஒன்றில் கீரை, ஒன்றில் ஆடு. தாச்சியில் சின்ன மீன் பொரிந்துகொண்டிருந்தது.

"பாலா, சூடை," என்றார் செல்வரத்தினம்.

ஐம்பத்தேழு வயது மனுசன் அவளைத் திரும்பிப் பார்த்தபடி நின்றார்.

"சாப்பிடுங்கோவன். இஞ்சை ஆர் பாக்கினம்?" என்றாள் அவள்.

ஒன்பது மீன் சாப்பிட்டார். தலையையும் விடவில்லை. தண்ணீர் விட்டால் வெள்ளையாகிற ஏதோ ஒரு சாராயத்தையும் குடித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் கன வருசம் காணவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸுக்குள், "அண்ணைக்குச் சொல்லிப்போடாதை," என்றார்.

லண்டனுக்குத் திரும்பி வந்த ஆறாவது கிழமை, பின்னேர ஷிப்டுக்குப் போகச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் எழும்பவில்லை.

இதயக்குழாய் பத்து வருசமாய் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது என்றார் டொக்டர். அவள் தலையாட்டினாள். டொக்டருக்கு நேர்த்திக்கடனைப் பற்றி என்ன தெரியும்? நான் சொல்லித்தானே சாப்பிட்டார் என்பது எட்டு நாளாய் அவளை அரித்துக்கொண்டிருந்தது. சொன்னால் கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் புருசனைத் தின்றவள் என்று பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் அந்த மனுசன் கடைசி இலையிலும் பிடிக்காததைத் தின்றுவிட்டுப் போக வேண்டும்.

குசினிக்குள் வந்த வத்சலா வாழைக்காயை எடுத்துச் சீவத் தொடங்கினாள். "அம்மா, அப்பாக்கு வாழைக்காய் பிடிக்கவே பிடிக்காதே. ஏன் செய்யிறம்?"

பாலாம்பிகை துணியைக் கீழே வைத்தாள். "நீ போய் ஆக்களுக்குத் தேத்தண்ணி குடு. பெரியத்தான், கதவைச் சாத்துங்கோ."

தண்ணீர்க் குழாயைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தீவு, தாச்சி, தன் வாயால் சொன்ன சொல். "நேர்த்தியை முறிச்சதாலதான்..." என்றாள்.

பரமேஸ்வரன் கடிதவுறையை நாலாய் மடித்தார். பிறகு எட்டாய் மடித்தார்.

"எத்தினை சாப்பிட்டவன்?"

"ஒன்பது."

"தலையோடையோ?"

"ஓம்."

அவர் அரிசி மூட்டையின்மேல் இருந்துவிட்டார். "ஆமி என்னை விட்ட மூண்டாம் நாள் கொழும்பில நான் கோழிக்கறி சாப்பிட்டனான் பிள்ளை. இஞ்சை வந்தும் அவனுக்கு முன்னாலயே இருந்து திண்டனான். காணுமடா, இனிச் சாப்பிடு எண்டு ஒரு சொல்லு என்ர வாயால வரேல்லை. எனக்காக ஒருத்தன் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறான் எண்டது எனக்குப் பெருமையா இருந்தது."

அவளுக்குக் கோபம் வந்தது. நல்லாய்க் கத்த வேண்டும்போலத்தான் இருந்தது. அதற்கும் பலம் மிஞ்சவில்லை. ஆனால் எட்டு நாளாய் அவள் தனியாய்ச் சுமந்ததில் பாதியை அவர் கேளாமலே எடுத்துக்கொண்டது தெரிந்தது.

பரமேஸ்வரன் எழும்பிக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். முக்கால் மணித்தியாலத்தில் இல்ஃபோர்டில் இருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். கோட்டின் கையை மடித்துவிட்டு, சிங்குக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு மீனாய் நகத்தால் வயிற்றைக் கீறிக் கழுவினார். உதவ வந்தவளை முழங்கையால் விலக்கிக் கதிரையைக் காட்டினார்.

எண்ணெய் காய்ந்து முதல் மீன் விழுந்ததும் கதவு திறந்தது. அவருடைய தங்கை சந்திரவதனா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இதென்ன பெரியண்ணை, மீனோ? சின்னண்ணை நேர்த்திக்காரனெல்லே!"

"நேர்த்தி முடிஞ்சுது," என்றார் அவர், திரும்பாமலே.

சந்திரவதனா மச்சாளைப் பார்த்தாள். பாலாம்பிகை கதிரையில் இருந்தபடியே, வாயைக் கொஞ்சம் திறந்து, தலையை ஃபிரிட்ஜில் சாய்த்து நித்திரையாகிப் போயிருந்தாள்.

பரமேஸ்வரன் யன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டுக் கூரையில் இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு, எண்ணெய் சத்தம் போடாதபடி, அடுத்த மீனை வாலில் பிடித்து மெல்ல இறக்கினார்.