ஷர்மினி சிரிக்கக் கூடாது

1
உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு சேலைக் கடைக்குப் போயிருந்தேன். கவுண்டரில் நின்ற பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை. நான் அவளுக்கு என்ன செய்தேன்? காரணம் தெரியாததால் நானே ஒன்றைத் தயாரித்தேன். அவளுக்கு ஷர்மினி என்று பெயர் வைத்து, கையில் ஒரு புல்லாங்குழலையும் கொடுத்தேன்.

2
தொடக்கம், முதல் முயற்சி: மூங்கில் காட்டினூடே தென்றல் நுழைந்தபோது

வேண்டாம். ஷர்மினி மூங்கில் காட்டைக் கண்டதே இல்லை. கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீடு, காலையில் ஃபெர்ரி, அப்புறம் அப்துல் காதர் பாயின் சேலைக் கடை. பதினான்கு வருஷமாக இதுதான்.

இரண்டாம் முயற்சி: ஷர்மினியின் குழலில் காற்று வந்தது, நாதம் வரவில்லை.

இது பரவாயில்லை, இருக்கட்டும். கடைத்தெருக் கோயில் பஜனைக் குழுவில் ஆறு வருஷம் கைத்தாளம் தட்டியவள் அவள். தாளம் தட்டுகிறவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு தடவை தன் சத்தத்துக்கு நாலு பேர் திரும்ப வேண்டும் என்று ஆசை. அதற்காகக் குழல் பழகி, குழுத் தலைவி வடிவம்மாளிடம் வாசித்துக் காட்டினாள்.

"டயர்ல காத்து எறங்குற மாதிரியே இருக்குலா. வர்ற வெள்ளிக்கிழமை பஜனையில ஒரே ஒரு சான்ஸ். அன்னிக்கும் இப்படித்தான்னா நீ தாளத்துக்கே போயிடும்மா."

திரும்பும் ஃபெர்ரியில் ஷர்மினி அழுதாள்.*

* அழ வைத்தவன் நானே என்பதால் ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

3
மறுநாள் மதியம். சேலையைத் தோளில் போட்டுப் பார்க்கும் பெரிய கண்ணாடி முன் நின்று, நீளமாக ஒரு 'சா' பிடித்தாள். வந்தது 'ஸ்ஸ்ஸ்'.

சாப்பிட்டுக்கொண்டிருந்த பாய் கேட்டார். "ஏம்மா, கடையில யாருமே இல்ல. யாரப் பாத்து சிரிக்கிற?"

"நான் எங்க பாய் சிரிச்சேன்?"

"கண்ணாடியப் பாரும்மா."

பார்த்தாள். குழல் உதட்டில் பட்டதும் வாய் இரண்டு காதையும் தேடிப் போய்க்கொண்டிருந்தது. பதினான்கு வருஷம் 'வாங்கக்கா' என்று சிரித்த வாய், அதற்கு வேறு வேலை தெரியாது. உதடு அகன்றால் காற்று எல்லாப் பக்கமும் சிந்தும். உதட்டைத் தளர்த்தி, நடுவில் சின்னதாக வழி விட்டால்தான் அது துளைக்குள் ஒழுங்காகப் போகும். ஷர்மினி வாயோரங்களை விரலால் இறக்கிவிட்டு மறுபடி ஊதினாள்.

'சா' முழுசாக வந்தது. பாய் சோற்றுப் பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

4
அன்றிலிருந்து கடையில் சிரிப்பு கிடையாது. உதட்டைப் பழக்க வேண்டுமே. வந்தவர்கள் பயந்துபோய்ப் பேரமே பேசவில்லை. (கொஞ்சம் மிகையோ? அடித்துவிடலாமா? வேண்டாம். நானும் சொன்ன விலைக்குத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன்.)

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறமும் இப்படியே இருலா," என்றார் பாய்.

5
முடிவு, முதல் வகை: அவள் அற்புதமாக வாசித்தாள். வடிவம்மாள் கண் கலங்கி அவளைக் கட்டி

இதை நீங்களே நம்ப மாட்டீர்கள்.

இரண்டாம் வகை: மறுபடியும் 'ஸ்ஸ்ஸ்'. ஷர்மினி தலைகுனிந்து தாளத்தை எடுத்து

மனசு வரவில்லை. ஃபெர்ரியில் அழ வைத்ததே போதும்.

ஆகவே இங்கேயே நிற்கிறேன். வெள்ளிக்கிழமை, ஏழு மணி. பாட்டு தொடங்கப் போகிறது. ஷர்மினி குழலை எடுத்துவிட்டாள், உதடு சரியாகக் குவிந்திருக்கிறது. ஒரே ஒரு ஆபத்துதான். கூட்டத்தில் யாராவது சிரித்தால் பதிலுக்கு அவளும் சிரித்துவிடுவாள். அந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் போகிற பழக்கமா? வடிவம்மாளைப் பற்றிக் கவலையில்லை, அவர் இயல்பாகவே முறைத்துக்கொண்டிருக்கிறார்.

மிச்சம் முன்வரிசையில் நீங்கள்தான். இவ்வளவு நேரம் உங்களைச் சிரிக்க வைக்கப் பார்த்தது என் தப்பு, மன்னித்துவிடுங்கள். இப்போது தயவுசெய்து முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளுங்கள். ஷர்மினி மூச்சை இழுத்துக்கொண்டாள். உங்களைத்தான் பார்க்கிறாள்.