சவப்பெட்டியில் பச்சைக் கோட்டு

எங்கள் கரீபியத் தீவான ஆங்குவில்லாவில் தேர்தல் முடிந்த மறுநாள், ஜெயித்த கட்சிக்காரர்கள் தோற்ற கட்சிக்குச் சவ ஊர்வலம் நடத்துவார்கள். தோற்ற வேட்பாளரின் பொம்மையைச் சவப்பெட்டியில் வைத்து, அவர் வீட்டு வாசலுக்கே வந்து ஒப்பாரி வைப்பார்கள். இந்த முறையும் தோற்றது என் அப்பா எல்கானா, பச்சைக் கட்சியின் நிரந்தர வேட்பாளர்.

"வரட்டும். அடுத்த தேர்தல்ல அதே பெட்டியில அவங்களை ஏத்தறேன்," என்றார் அப்பா, ஜன்னலருகே நின்று.

லாரி வாசலில் நின்றது. ஜெயித்த கட்சியின் டெல்ராய் ஒலிபெருக்கியில், "எல்கானா மாமா, கடைசியா ஒரு தடவை மூஞ்சியைப் பாத்துக்குங்க," என்று பொம்மையைத் தூக்கி நிறுத்தினான். தெருவே சிரித்தது.

பொம்மை போட்டிருந்தது அப்பா மேடைதோறும் போடும் பச்சைக் கோட்டு. முழங்கையில் நான் தைத்த ஒட்டுகூடத் தெரிந்தது.

"திருட்டுப் பசங்க. வீட்டுக்குள்ள புகுந்திருக்கானுங்க," என்று அப்பா கதவை நோக்கிப் பாய்ந்தார்.

"யாரும் புகல," என்றாள் அம்மா. அடுப்பில் ஜானி கேக் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் டெல்ராய் கையில குடுத்தேன்."

அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"காலையில கண்ணு முழிச்சதுமே அடுத்த தேர்தல்னு ஆரம்பிச்சீங்க. உங்களை நான் எத்தனை தடவைங்க புதைக்கறது? இதோட போதும்."

அப்பா மெல்ல வெளியே போனார். வாசலில் கட்டியிருந்த கட்சிக் கொடியை அவிழ்த்து, பெட்டிக்குள் போட்டார்.

"பெட்டியை மூடுடா," என்றார்.

டெல்ராய்க்குச் சிரிப்பு வரவில்லை.