நாடாத் தழும்பு

என் மனைவி செல்வராணி தினமும் காலையில் பூங்காவுக்கு நடக்கப் போவாள். நடை பாதி, அரட்டை மீதி. புடவையும் ஷூவுமாக ஒரு சுற்று போய்விட்டு, வெட்டாமல் வளர்ந்து கிடக்கும் புல்லில் தோழிகளோடு உட்கார்ந்துவிடுவாள். நான் கிண்டல் செய்தால், "ஒங்க தொப்பையப் பாத்துட்டுப் பேசுங்க" என்பாள். அரிமளத்துக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா?

அப்படிப்பட்டவள் காய்ச்சலில் விழுந்தாள். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்று ரிசல்ட் வந்தது. காய்ச்சல்தான் போகவில்லை. கண் சிவந்து, மூச்சு இரைத்து, பேச்சு குழறியதும் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் ஷர்லி முதலில் கேட்டது, "ஒடம்புல எங்கயாச்சும் கருப்பாப் புண்ணு இருக்கா?"

"அதெல்லாம் இல்லைங்க" என்று நான்தான் அடித்துச் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. திரையை இழுத்துவிட்டு, காதுக்குப் பின்னால், அக்குள் என்று ஒவ்வொரு இடமாகத் தேடினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு ராணியின் இடுப்பைக் காட்டினார்.

"அது பாவாடை நாடா உரசுன தழும்புங்க. பொடவை கட்டுற எல்லாருக்கும் இருக்குமே."

ராணியும் ஆமாம் என்று தலையாட்டினாள். அதைச் சோப்புப் போட்டு வேறு தேய்த்திருக்கிறாள்.

"நல்லாப் பாருங்க சார். தழும்பு கோடாப் போகும். இது வட்டமா, நடுவுல கருப்புப் பொருக்கோட இருக்கு. வலிக்காது, அரிக்காது, அதான் யாரும் கண்டுக்கிறதில்ல. இது உண்ணிக் காய்ச்சல்."

"மாட்டு உண்ணியா?"

"அதுக்குச் சொந்தம். புல்லுல இருக்கும், எலி மேல ஏறும். கண்ணுக்கே தெரியாது. துணி இறுக்கமா இருக்கிற எடத்துலதான் கடிக்கும்."

ரவையை அரைத்து, அந்த மாவையும் அரைத்தால் வருமே ஒரு தூசி, அவ்வளவுதான் அந்த உண்ணி இருக்குமாம். அது இவள் மேல் ஏறி, நாடா இறுகிய இடத்தைத் தேடிப் பிடித்து, வலிக்காமல் கடித்துவிட்டுப் போயிருக்கிறது. தெருவையே வாயால் ஆளுகிற மனுஷி இங்கே மூச்சுக்கு அல்லாடுகிறாள். அதன் மேல் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. அதற்குப் பசித்தது, அவ்வளவுதான். இத்தனை சின்ன உயிருக்குள் இத்தனை பெரிய சாவு எப்படி அடங்கியது என்று மலைத்து நின்றேன்.

"பொழைச்சிருவாளா?"

"மருந்து கேக்கணும். பாப்போம்" என்றார் டாக்டர்.

மருந்து ஏற்றினார்கள். அன்றிரவும் உடம்பு அனலாய்க் கொதித்தது. மறுநாளும் நான் அவள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அதற்கடுத்த காலையில் அவள் நெற்றியில் கை வைத்தபோது வியர்த்திருந்தது. குளிர்ந்தும் இருந்தது.

ராணி கண்ணைத் திறந்தாள். "என்னங்க, பசிக்குது. ரெண்டு இட்லி வாங்கியாங்க."

"இந்தா போறேன்" என்றேன். கையை மட்டும் எடுக்க முடியவில்லை.