குறை நிரப்புதல்

ஒதீல் ஒயின் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, எப்போதும் நிற்கிற அளவுக்கு நின்றாள். பிறகு ஒரு வாய் உறிஞ்சி, உள்ளே உருட்டி, காலடியிலிருந்த வாளியில் துப்பினாள். "நல்லாயிருக்கு. இளசுதான், கோடைக்குள்ள பதப்பட்டுடும்" என்றாள். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தேவலை என்று பிறகு நினைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் பீப்பாய்களைக் கலப்பதற்கு முன்னால் முதல் வாய் அவளுடையது என்பது அந்த வீட்டு வழக்கம். தம்பி ரெமிக்குக் கொடிகள்; கவாத்து, உழவு, மருந்தடிப்பு எல்லாம் அவன். ஒயினுக்கு ஒதீலின் மூக்கு. அப்பாவுக்குப் பிறகு அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. மலையடிவாரத்தில் எவன் வீட்டு ஒயின் சந்தேகமாக இருந்தாலும் ஒரு புட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளிடம்தான் வந்து நிற்பான்.

அந்த மூக்கைத்தான் கிறிஸ்துமஸ் காய்ச்சல் கொண்டுபோயிற்று. காய்ச்சல் விட்ட காலையில் காபி வெறும் வெந்நீராக இருந்தது. ஒரு வாரத்தில் திரும்பிவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. வாரம் போயிற்று, மாதம் போயிற்று. இப்போது சாப்பாட்டு மேசையில் ரெமியின் மனைவி ஆனியெஸின் முகத்தைப் பார்த்துத்தான் சூப் நன்றாக இருக்கிறதா, தீய்ந்ததா என்று முடிவு செய்கிறாள். பாவி மகள், இத்தனை நாள் சமாளித்தேனே என்று ஒரு பக்கம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இப்போது உறிஞ்சிய வாயில் நாக்கில் ஏதோ லேசாகச் சுருக்கென்றதுதான். இளசு என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ரெமி குடித்தான். துப்பினான். அடுத்த பீப்பாயில் கண்ணாடிக் குழலை விட்டு எடுத்து, கோப்பையில் ஊற்றி அவளிடம் நீட்டினான்.

"இதையும் பாருக்கா."

மோந்தாள். "அதேதான். செர்ரிப் பழ வாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

ரெமி அவளையே பார்த்தான். பிறகு சுவரோரம் இருந்த சின்னப் பீப்பாயிடம் போனான். மரம் ஒயினைக் குடித்துக்கொண்டே இருக்கும். குறைந்த இடத்தில் காற்று புகுந்தால் புளித்துக் காடியாகிவிடும். அதனால் வாராவாரம் இந்தச் சின்னதிலிருந்து கேனில் பிடித்து மற்ற எல்லாவற்றிலும் குறை நிரப்புவார்கள். நிரப்புமுன் கேனை மோந்து பார்க்க வேண்டும். ஒதீலும் ஒரு வாரம் தவறாமல் குனிந்து, கேனுக்குள் மூக்கை விட்டு, தலையசைத்திருக்கிறாள். அந்தத் தலையசைப்பை நம்பி அவள் ஊற்ற ஊற்ற, ரெமி பின்னாலேயே வந்து தக்கைகளை அடித்து இறுக்கியிருக்கிறான்.

சின்னதின் தக்கையை எடுத்துக் குனிந்தவன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"செர்ரியா? காடிக்கா இது. வெள்ளரிக்கா ஊறப் போடலாம்."

அவள் கோப்பையைப் பீப்பாய் மேல் வைத்தாள்.

"எப்பலேர்ந்துக்கா?"

"கிறிஸ்துமஸ் காய்ச்சல்லேர்ந்து."

"வாரா வாரம் மோந்து பாத்தியே. நான் பக்கத்துலதானே நின்னேன்."

"மோந்துதான்டா பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மோந்திருப்பேனே. அதுக்கு என்ன பெரிய படிப்பா வேணும்?"

"சொன்னா அப்புறம் இந்த வீட்ல நான் எதுக்கு?"

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தினால் தாங்கிக்கொள்ளலாம், பதிலுக்கு நாலு வார்த்தை திட்டக்கூடச் செய்யலாம். அவன் வரிசையில் நடந்து ஒவ்வொரு தக்கையாக எடுத்து, குனிந்து, மூடிக்கொண்டே போனான். முகத்தை அவள் பக்கம் திருப்பவே இல்லை. போன ஏப்ரல் உறைபனியில் பாதிக் கொடி கருகி, மிச்சத்தில் வந்தது இந்த இரண்டு வரிசைதான். இது போனால் இந்த வருஷத்துக்கு இந்த வீட்டில் ஒயினே கிடையாது. குளிரில் வெடித்துப்போன அவன் விரல்கள் தக்கைகளின் மேல் நகர்வதைப் பார்க்க முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றாவது தப்பியிருக்காதா என்று அவன் மூடிய தக்கைகளை எண்ணினாள். கடைசிப் பீப்பாயையும் மூடிவிட்டு அவன் அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான்.

படியில் காலடி கேட்டது. ரொட்டியும் பன்றித்தொடைக் கறியும் வைத்த தட்டோடு ஆனியெஸ் இறங்கி வந்தாள். ருசி பார்க்கிற நாளில் மதியச் சாப்பாடு நிலவறையில்தான்.

"என்ன, ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி நிக்கிறீங்க? எப்படி வந்திருக்கு இந்த வருஷம்?"

ரெமி நிமிர்ந்தான். ஒதீலைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, இரக்கம் இருந்ததா, அவளுக்குப் பிடிபடவில்லை.

"நல்லாயிருக்குன்னு அக்கா சொல்லுது" என்றான்.

ஒதீல் வாயைத் திறந்தாள்.

"அண்ணி சொன்னாச் சரிதான்" என்று சிரித்தபடி ஆனியெஸ் தட்டைப் பீப்பாய் மேல் வைத்தாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, அங்கேயிருந்த கோப்பையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.